கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்த 250 மில்லிலீற்றர் கூனி

காலை நாலே முக்கால். கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் கொழும்பு பஸ் நின்றது. கொண்டக்டர் இறங்கி ஒரு ரெஜிபோம் பெட்டியை என் கையில் தந்தார்.

"என்ன அண்ணை, இன்சுலினோ?"

"இல்லைத் தம்பி, கூனிக் குஞ்சு."

அவர் சிரிக்கவில்லை. கரையோரத்து ஆளாக இருக்கவேண்டும். கூனியைக் காசு கொடுத்துக் கொழும்பிலிருந்து எடுப்பிக்கிறவனை இப்படித்தான் பார்ப்பார்கள்.

பெட்டிக்குள் இருந்தது கோபிபொட். இறால், நண்டின் சாதி. ஆனால் பெரும்பாலும் ஒன்றிரண்டு மில்லிமீற்றர்தான். வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்காக இதை உயிரோடு போத்தலில் அடைத்து விற்கிறார்கள். 250 மில்லிலீற்றர் 3,800 ரூபாய், பஸ் கூலி 400. நான் இரண்டு கடைகளில் ஒவ்வொரு போத்தல் வாங்கிப் பார்த்துவிட்டேன். கடைப் பெயர் கேட்டு யாரும் எழுதவேண்டாம். நான் சொல்ல வந்தது போத்தலைப் பற்றி.

எனக்குப் போன் திருத்துகிற வேலை. ஏ-9 வீதியில் சின்னக் கடை. போர்ட்டில் ஐசி மாற்றுவதற்கென்று 7 முதல் 45 மடங்கு வரை பெருப்பித்துக் காட்டும் மைக்ரோஸ்கோப் ஒன்று மேசையில் எப்போதும் இருக்கும். அது இல்லாவிட்டால் இந்த விமர்சனமே இல்லை. போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து "ஆ, ஓடுது" என்று சொல்லிவிட்டுத் தொட்டிக்குள் கவிழ்த்திருப்பேன். பெரும்பாலானவர்கள் அதைத்தான் செய்கிறார்கள்.

வீட்டுத் தொட்டி 180 லீற்றர். ஒன்றரை வருடமாக ஓடுகிறது. இரண்டு கோமாளி மீன், மணலுக்குள் வளை தோண்டுகிற ஒரு கோபி மீன், கொஞ்சம் காளான் பவளம், பூப்போல விரிகிற சோவாந்திட். கல்லுப் பவளம் ஒன்றும் இல்லை. அதைக் கடலிலிருந்து எடுக்கச் சட்டம் விடாது; சட்டம் விட்டாலும் எனக்கு மனம் வராது. அதனால் கடலிலிருந்து உயிர்களோடு எடுக்கிற உயிர்ப்பாறைக்குப் பதிலாக நான் போட்டது கூரை ஓட்டுத் துண்டுகள். 2010 இல் நாங்கள் திரும்பி வந்தபோது வளவு முழுக்க உடைந்த ஓடுதான் கிடந்தது. ஒரு குவியலை அம்மா வேலியோரம் ஒதுக்கி வைத்திருந்தா. அதிலிருந்து நாற்பது துண்டு பொறுக்கி, அவித்து, ஒரு மாதம் ஊறப்போட்டு அடுக்கினேன். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. குறை ஒன்றே ஒன்று: அவித்த ஓட்டில் உயிர் இல்லை. உயிர்ப்பாறை போட்டு ஆரம்பிக்கிறவர்களுக்கு இந்தச் சின்னச் சாதிகள் எல்லாம் பாறையோடு சும்மா வந்துவிடும். என் தொட்டிக்கு விலைக்குத்தான் வரவேண்டும்.

எதற்கு அவை வேண்டும் என்று மனைவியும் கேட்டாள். கண்ணாடியில் படிகிற பாசிப்படலம், மீன் தின்னாமல் விட்ட தூள், அழுகுவது எல்லாவற்றையும் இவை மேய்கின்றன. பிறகு இவற்றை மீன் மேய்கிறது. பகல் முழுக்க ஓட்டைக் கொத்திக்கொண்டிருக்கிற மீனுக்கு, கொத்துவதற்கு அங்கே ஏதாவது இருக்கவேண்டாமா?

இதோடு, கடைக்கு வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் கேட்கிற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். "ஆனையிறவு உப்பு பக்கத்தில கிடக்க, ஏன் இறக்குமதி உப்பு?" கடல்நீர் வற்றும்போது கல்சியம் முதலில் ஜிப்சமாகப் படிந்துவிடும். பிறகுதான் நாங்கள் தின்கிற உப்பு. மக்னீசியம் கடைசிக் கசப்பு நீரில் போய்விடும். ஆக, கறியுப்பைக் கரைத்தால் உப்புத் தண்ணீர் வரும், கடல்நீர் வராது. கடல்நீரில் ஒரு லீற்றருக்குக் கல்சியம் 400 மில்லிகிராமுக்குச் சற்று மேல், மக்னீசியம் 1,300 கிட்ட இருக்கவேண்டும். கரைக்கிற தண்ணீரும் கிணற்றுத் தண்ணீர் அல்ல, எங்கள் பக்கத்துக் கிணறுகள் சரியான கல்லுத் தண்ணீர். சிறுநீரக வருத்தத்துக்குப் பயந்து ஊர் ஊராக வைத்த ஆர்ஓ வடிகட்டிகள் இப்போது என் மீனுக்கும் உதவுகின்றன.

சரி, போத்தல்.

முதல் கடைக்காரர் போத்தலை ஒரு ஷொப்பிங் பையில் சுற்றி பஸ்ஸின் அடிப்பெட்டிக்குள் போட்டு விட்டிருந்தார். சித்திரை மாதம். எஞ்சின் சூட்டோடு எட்டு மணித்தியாலம். மூடியைத் திறந்ததும் பழைய இறால் கோது மணம். ஒரு சொட்டை எடுத்து மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்தேன். எல்லாம் இளஞ்சிவப்பாகச் சுருண்டு கிடந்தன. வெந்த இறால் சிவப்பது போலத்தான்; செத்தபின் ஓட்டின் நிறம் மாறிவிடும். படம் எடுத்து அனுப்பினேன். "கொஞ்ச நேரம் வெளிச்சத்தில வையுங்கோ, முழிக்கும்" என்று பதில் வந்தது. அவை நித்திரை கொள்ளவில்லை என்று எனக்குத் தெரியும். காசு திரும்பி வரவில்லை. இது பற்றி அவ்வளவுதான்.

இரண்டாவது கடை வேறு விதம். ரெஜிபோம் பெட்டி, ஈரப் பேப்பர், போத்தலின் மேல் கால்வாசி காற்றுக்கென்று விட்டிருந்தது. கொண்டக்டரிடம் சொல்லி முன்பக்கத்தில் வைப்பித்திருந்தார்கள். பொதி கட்டியதற்கு மட்டும் முழுப் புள்ளியும் கொடுப்பேன். கிளிநொச்சிக்கு உயிரோடு ஒரு பொருள் வந்து சேர்வது சின்ன விசயம் இல்லை.

லேபிளில் "2,000க்கு மேல்" என்று போட்டிருந்தது. எனக்கு எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியாது. போத்தலை மெதுவாகக் குலுக்கி, சிரிஞ்சால் 5 மில்லிலீற்றர் எடுத்து, கறுப்பு மூடி ஒன்றில் விட்டேன். ஓடுகிறதை எப்படி எண்ணுவது? இரண்டு சொட்டுத் தேசிக்காய்ப் புளி. பாவம்தான், ஆனால் அசைவு நின்றது. முதல் முறை 11, அடுத்தது 8, அடுத்தது 14. சராசரி 11. ஐம்பதால் பெருக்கினால் 550. உடனே கோபம் வந்தது. பிறகு பெருக்கத்தைக் கூட்டி 45இல் பார்த்தபோது, தூசி என்று நான் தள்ளியவை தூசி இல்லை என்று தெரிந்தது: மூன்று சோடிக் காலோடு முட்டை வடிவக் குஞ்சுகள், ஒவ்வொரு மூடியிலும் இருபது மட்டில். அவற்றையும் சேர்த்தால் 1,550. கடைக்காரத் தம்பிக்கு போன் எடுத்தேன். "அண்ணா, குஞ்சையும் சேர்த்துத்தான் போடுறனாங்கள்" என்றான். குஞ்சோடும் 2,000 வரவில்லை என்றேன். "நீங்கள் எண்ணினீங்களோ?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். இதுவரை ஒருவரும் எண்ணவில்லை போல.

நியாயமாகச் சொன்னால் அந்தக் குஞ்சுகளுக்குத்தான் காசு. வளர்ந்தது பாதி வழியில் செத்துப் போகலாம். குஞ்சு என்றால் ஆறு முறை சட்டை கழற்றி, அதற்குப் பிறகும் இன்னும் சில சட்டை மாற்றி, உங்கள் தொட்டியின் சூட்டிலேயே பெரிதாகும்.

போத்தலுக்குள் இரண்டு சாதி. ஒன்று செங்கல் நிறம், தத்தித் தத்தி நடுத் தண்ணீரில் நீந்துகிறது. டிக்ரியோபஸ் என்று லேபிள் சொன்னது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் அலை தெறிக்கிற பாறைக் குழிகளில் அதில் ஒரு சாதி வாழ்கிறது. வெயில், மழை, உப்புக் கூடக் குறைய எல்லாம் தாங்கும். மற்றது வெள்ளை, தட்டை, முன்பக்கம் அகன்று பின்னால் ஒடுங்கி இரண்டு மயிர் வால். டிஸ்பே. அது நீந்துவதைவிட ஊர்வதுதான் அதிகம். மைக்ரோஸ்கோப்பில் அதன் ஒற்றைக் கண் சிவப்புப் பொட்டாகத் தெரிந்தது. குடலுக்குள் தின்ற பச்சைப் பாசி ஒரு கோடாக அசைந்தது. பெட்டைக்கு அடிவயிற்றில் முட்டைப் பொதி. மகள் ஸ்ரூலில் ஏறி நின்று அரை மணித்தியாலம் கண்ணை எடுக்கவில்லை. அன்று காலையில் இரண்டு பேரின் போன் திருத்தாமல் கிடந்தது.

சிவப்பைப் பார்த்து மயங்கவேண்டாம். அது வடிவானது, போத்தலில் தெளிவாகத் தெரியும், விற்பதற்கு நல்லது. ஆனால் நடுத் தண்ணீரில் திரிவதால் கோமாளி மீனுக்கு முதல் நாளே சாப்பாடு. என் தொட்டியில் அது ஒரு கிழமைகூட நிற்கவில்லை. தங்கிக் குடும்பம் நடத்தியது வெள்ளைதான். வாங்குகிறவர்கள் வெள்ளை கூடிய போத்தலாகக் கேளுங்கள்.

விட்ட விதம்: போத்தலின் உப்பை ஒப்படர்த்தியில் அளந்தேன், 1.021. தொட்டியில் 1.025. அரை மணித்தியாலம் தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தேன். இரவு விளக்கு அணைந்து மீன் ஒதுங்கிய பிறகு, பம்பை நிற்பாட்டி, சிரிஞ்சால் ஓட்டுக் குவியலின் அடியில் விட்டேன். ஒரு மணித்தியாலம் கழித்துத்தான் பம்ப். பாதியை மட்டும். மறுபாதி 20 லீற்றர் தண்ணீர் கான் ஒன்றுக்குள் போனது: மெதுவாக ஒரு காற்றுக் குமிழி, தண்ணீர் இலேசாகப் பச்சை தெரியும் அளவுக்கு நுண்பாசி. இந்தப் பாதியைத் தனியே வைத்ததுதான் நான் செய்த ஒரே புத்தியான காரியம்.

ஏனென்றால் இதற்கிடையில் மாமா வந்தார்.

மனைவியின் அப்பாவுக்கு முல்லைத்தீவு. வயது எழுபதைத் தாண்டியும் நந்திக்கடலில் வலை வீசுகிறவர். வற்றாப்பளைக் கோவிலில் கடல்நீரில் விளக்கெரிகிறதைப் பார்த்து வளர்ந்த மனிசன். என் தொட்டியின் ஐந்து விளக்கையும் கரண்ட் பில்லையும் பார்த்து ஒவ்வொரு முறையும் ஒரு பகிடி விடாமல் போகமாட்டார். போத்தலின் விலையைக் கேட்டதும் பகிடியும் நின்றுவிட்டது.

"இதுக்கே தம்பி காசு குடுத்தனீர்?"

அடுத்த கிழமை ஒரு வாளியில் சாதாழை என்கிற கடற்புல் கொத்து ஒன்றும் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தார். மூடியைத் திறந்தால் வாளி முழுக்க உயிர். அதில் கண்ணாடி போல ஒன்று, தலையை மேலே தூக்கி அப்படியே தண்ணீரில் நின்றது. மைக்ரோஸ்கோப்பில் வாலின் இரு பக்கமும் இரண்டு வட்டப் புள்ளி, இரவில் தூரத்தில் வருகிற பஸ்ஸின் லைற் போல. மைசிட். சமநிலை பார்ப்பதற்கென்று வாலில் வைத்திருக்கிற உறுப்பு அது. மாமா எட்டிப் பார்த்தார். "கூனி எண்டா இப்பிடித்தான் இருக்கும். உம்மட போத்தலில இருக்கிறது கூனியுமில்லை, ஒண்டுமில்லை."

அவர் சொன்னது சரி. நான்தான் வாளியைப் பார்த்த சந்தோசத்தில் புத்தி கெட்டுப்போனேன். நந்திக்கடல் தண்ணீரின் உப்பு ஒரே அளவில் நிற்பதில்லை. மழைக்குக் குறையும், முகத்துவாரம் அடைத்துக் கோடை நீண்டால் ஏறும். அதனால் தண்ணீரை ஊற்றவில்லை. சாதாழையை மட்டும் உதறி, கழுவி, தொட்டிக்குள் வைத்தேன். கழுவினால் போதும் என்று நினைத்தேன்.

எட்டாம் நாள் காலை. பெரிய கோமாளி மீனின் செட்டைக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் ஓர் அரிசி. உரசினால் விழுகிற அரிசி இல்லை. மீன் ஓட்டில் உடம்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. வலையில் பிடித்து, ஈரத் துணியில் வைத்து, ஐசி தூக்குகிற வளைந்த ட்வீசரால் பிடுங்கினேன். கையில் நடுக்கம். ஐநூறு போர்ட்டில் வராத நடுக்கம். மைக்ரோஸ்கோப்பில் வைத்தால், முதுகிலிருந்து அமுக்கிய தட்டை உடம்பு, ஒரே மாதிரியான ஏழு சோடிக் கால், தலையின் இரண்டு ஓரத்திலும் பெரிய கறுப்புக் கண். ஐசோபொட், அதிலும் மீனைக் கடிக்கிற சாதி. "மீன் பேன்" என்று அம்மா ஒரே சொல்லில் முடித்துவிட்டா. நான் அரை மணித்தியாலம் இருந்து பார்த்துச் சொன்னதை!

இங்கேதான் பலர் பயந்து எல்லாவற்றையும் கொல்லப் பார்ப்பார்கள். ஐசோபொட் எல்லாமே எமன் இல்லை. உருண்டை பிடிக்கிறதும் இருக்கிறது, கண்ணாடியில் சிலந்தி போல ஊர்கிற நுண்ணியதும் இருக்கிறது, இரண்டும் குப்பை தின்பவை. கண் பெரிதாக, மீனைத் தேடிப் போகிறதென்றால் மட்டும் அகற்றவேண்டும். இதோடு குழப்புவது அம்பிபொட்டை. அது பக்கவாட்டில் அமுக்கினது, நெத்தலியை இரண்டு விரலால் நசித்தது போல; முதுகு வளைந்து, சரிந்து சரிந்து பாயும். ஒரு சென்ரிமீற்றர் மட்டுக்கும் வளரும் என்பதால் இரவில் ரோச் அடித்துப் பார்ப்பவர்கள் அலறுகிறார்கள். என் தொட்டியில் சாதாழையோடு வந்த அம்பிபொட் இப்போது ஓட்டுக்கடியில் நூற்றுக்கணக்கில். பவளத்தைத் தின்கிறது என்று ஒரு கடையில் சொன்னார்கள். நான் பார்த்தவரை அவை மேய்வது ஏற்கெனவே அழுகின பக்கத்தைத்தான். அளவு கூடினால் மருந்து தேடாமல், மீனுக்குப் போடுகிற சாப்பாட்டைக் குறையுங்கள். கூட்டம் கூடியிருக்கிறதென்றால் சாப்பாடு மிஞ்சுகிறது என்று அர்த்தம். சோடிச் சிப்பிக்குள் பயற்றம்பருப்பு ஓடுவது போல ஒன்று தெரிந்தால் அது ஒஸ்ட்ரகொட், விட்டுவிடலாம்.

கடிக்கிறதைப் பிடிக்கப் பொறி வைத்தேன். குளிசை வருகிற சின்னப் பிளாஸ்ரிக் போத்தல், மூடியில் சோல்டரிங் அயனால் 3 மில்லிமீற்றரில் இரண்டு துளை, உள்ளே நகத்தளவு இறால். உருகின பிளாஸ்ரிக்கை நன்றாக உரஞ்சிக் கழுவிவிட்டு, இரவு மணலில் புதைத்து, விடிய எடுப்பேன். ஒன்பது இரவில் மூன்று அகப்பட்டது. இரண்டு வாரம் வெறும் பொறி. பிறகு நிறுத்தினேன். மீனில் இருந்த காயம் ஆறிவிட்டது, வடு இருக்கிறது.

மருந்துப் பக்கம் போகாததற்குக் காரணம் இருக்கிறது. வெள்ளைப் புள்ளி நோய்க்குப் போடுகிற செப்பு மருந்து மீனைக் காப்பாற்றும், இந்தச் சாதி முழுவதையும் துடைத்துவிடும். நோய் மீனை வேறு தொட்டிக்கு மாற்றித்தான் போடவேண்டும். அக்ரோபோறா பவளத்தில் மட்டும் வருகிற, அரை மில்லிமீற்றர் மஞ்சள் உடம்பில் சிவப்புப் பொட்டு வைத்த ஒரு பூச்சிக்கு நாய்க்குக் கொடுக்கிற இதயப்புழு மருந்து போடுகிறார்கள். அதுவும் கோபிபொட்தான் என்பதால், அந்த மருந்து நல்ல கோபிபொட்டையும் இறாலையும் சேர்த்தே எடுத்துவிடும். கல்லுப் பவளம் இல்லாததால் எனக்கு அந்தத் தலையிடி இல்லை. செப்பு என்றதும் இன்னொன்று: நான் நாள் முழுக்க ஈயத்தோடும் செப்புக் கம்பியோடும் இருக்கிறவன். முழங்கை வரை கழுவாமல் தொட்டிக்குள் கை வைப்பதில்லை.

இப்போது தீர்ப்பு. இரண்டாவது கடையின் போத்தலுக்கு ஐந்துக்கு மூன்றரை. பொதிக்கும் உயிருக்கும் நல்ல புள்ளி. எண்ணிக்கைக்காக ஒன்று குறைத்தேன், என்ன சாதி எத்தனை என்று எழுதாததற்கு அரை. மாமாவின் வாளிக்கு எத்தனை என்று கேட்காதீர்கள், வீட்டில் குழப்பம் வரும். கடலில் சும்மா கிடைப்பதை வாங்குவதா என்பதற்கு என் பதில்: காசு கோபிபொட்டுக்கு அல்ல, கூட வராததற்கு.

ஆனால் ஒரு தரத்துக்கு மேல் வாங்காதீர்கள். கானில் வைத்த பாதி, பத்து நாளில் அடுத்த தலைமுறை கண்டது. மூன்றாம் கிழமை இரவு, ரோச்சின் முகத்தில் சிவப்புப் பேப்பர் ஒட்டி அடித்தால் தொட்டிக் கண்ணாடி முழுக்க வெள்ளைப் பொட்டு. இடையில் இரண்டு முறை கரண்ட் போனது. பற்றரிக் காற்றுப் பம்ப் ஒன்று இருந்தபடியால் தப்பியது. பாத்திரம் தேய்க்கிற கம்பி போல முறுகிக் கிடக்கிற பாசி ஒரு பந்தும், பிளாஸ்ரிக் கூடையில் குறுணி ஓடும் வடிகட்டிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன், மீன் போகமுடியாத இடம். அங்கே பெருகி, தண்ணீரோடு மேலே வருகிறது. துணி வடிகட்டிப் பையைக் கழற்றிவிட்டேன், அது இவற்றைத்தான் பிடித்துக்கொண்டிருந்தது.

அந்தத் தம்பி இரண்டு முறை போன் எடுத்து மாண்டரின் மீன் ஒன்று தரட்டுமா என்று கேட்டான். மகளுக்கும் ஆசை, நீலமும் செம்மஞ்சளும் கோலம் போட்ட மீன், யாருக்குத்தான் ஆசை வராது. "கிழமைக்கு ஒரு போத்தல் விட்டால் காணும் அண்ணா." மாதம் 15,200 ரூபாய், பஸ் கூலி வேறு. அந்த மீன் விடிந்ததிலிருந்து இருளும்வரை கோபிபொட்டைக் கொத்திக்கொண்டே இருக்கும். பலது தூள் சாப்பாட்டைத் தொடவே தொடாமல் மெலிந்து மெலிந்து சாகும். என் ஓட்டுக் குவியல் அதற்கு இன்னும் காணாது. மகளுக்கு அடுத்த வருடம் பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறேன். அவள் கலண்டரில் குறித்து வைத்திருக்கிறாள்.

போன சனிக்கிழமை பரந்தனில் இருக்கிற நண்பர் ஒருவர் புதுத் தொட்டிக்குக் கொஞ்சம் கேட்டு வந்தார். பழைய போத்தலைக் கழுவி, கானிலிருந்து 250 மில்லிலீற்றர் நிரப்பினேன். கொடுக்க முன் மூன்று மூடியில் எண்ணினேன், சராசரி 26. லேபிளில் இருந்த "2,000க்கு மேல்" என்பதைப் பேனையால் வெட்டிவிட்டு, "1,300, வெள்ளை மட்டும், குஞ்சு சேர்க்கவில்லை" என்று எழுதிக் கொடுத்தேன்.